வில்லோ பட்டையில் இருந்து வையாக்ஸ் வரை: வலி மாத்திரையின் கதை

வலி மாத்திரைகளைப் பற்றி ஒரு நீளமான த்ரெட். கொஞ்சம் நேரம் எடுத்துப் படிங்க. வீட்டில் மூட்டு வலிக்காரர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர், கிட்னி பிரச்சினை உள்ளவர் யாராவது இருந்தால் அவசியம் படிங்க.

முதலில் எந்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், இண்டோமெத்தசின், மெஃபனமிக் ஆசிட், எடோரிகாக்சிப். இவை எல்லாம் ஒரே குடும்பம். ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்று பெயர். வலியோடு சேர்த்து வீக்கம், சூடு, சிவப்பு ஆகியவற்றையும் குறைப்பவை.

பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தில் சேராது. அது காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். வீக்கத்தைப் பெரிதாகத் தொடாது. இந்த வேறுபாட்டை மனசுல வச்சுக்கங்க, கடைசி வரைக்கும் தேவைப்படும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம்ம ஊரில் "ரெண்டு நாளா இடுப்பு புடிச்சிருக்கு, ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது ரொம்ப சாதாரணம். காகிதத்தில் மடித்துத் தரும் அந்த செட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. பெரும்பாலும் இந்தக் குடும்பத்தில் ஒன்று இருக்கும். அந்த ஒன்றுக்குப் பின்னால் 260 வருஷக் கதை இருக்கிறது. அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை ஒவ்வொன்றும் யாரோ பாதிக்கப்பட்ட பிறகு எழுதப்பட்டது.

கதைக்குப் போவோம்.

1763. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷையர் பக்கம் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊர். எட்வர்ட் ஸ்டோன் என்று ஒரு பாதிரியார். ஒருநாள் வில்லோ மரத்தின் பட்டையைக் கடித்துப் பார்க்கிறார். கடுங்கசப்பு. அந்தக் காலத்தில் குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்த சின்கோனா பட்டையும் இப்படித்தான் கசக்கும். சின்கோனா தென் அமெரிக்காவில் இருந்து வர வேண்டும், விலையும் அதிகம். வில்லோ வாய்க்கால் ஓரத்தில் சும்மா வளர்ந்து நிற்கிறது.

அவருடைய தர்க்கம் வேடிக்கையானது. ஈரமான, சதுப்பான இடங்களில்தான் குளிர்காய்ச்சல் அதிகம். அதே இடத்தில்தான் வில்லோவும் வளர்கிறது. நோய் இருக்கும் இடத்திலேயே மருந்தும் இருக்கும்! இன்றைக்கு இப்படி ஒரு காரணம் சொன்னால் சிரிப்போம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பட்டையை மாதக்கணக்கில் ரொட்டி அடுப்பின் மேல் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, சிறு அளவில் தொடங்கி, சுமார் 50 பேருக்குக் கொடுத்து, விளைவை ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். காரணம் தப்பு, செய்த முறை சரி. மருத்துவ வரலாற்றில் இப்படி நிறைய நடந்திருக்கிறது.

அடுத்த நூறு வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1828ல் மியூனிக்கில் ஜோஹன் புஃக்னர் அந்தப் பட்டையில் இருந்து மஞ்சள் நிறக் கசப்புப் பொருளைப் பிரித்து சாலிசின் என்று பெயர் வைத்தார். 1838ல் ராஃபயேலே பிரியா அதில் இருந்து சாலிசிலிக் அமிலத்தை எடுத்தார். 1876ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் தாமஸ் மக்லகன் என்ற டாக்டர், சாலிசினை முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, ருமாட்டிக் காய்ச்சலில் மூட்டு வீங்கிக் கிடந்த நோயாளிகளுக்குக் கொடுத்தார். வீக்கமும் வலியும் இறங்கின. வெறும் காய்ச்சல் மருந்தாக இருந்தது அங்கேதான் அழற்சி மருந்தானது.

ஒரே பிரச்சினை, சாலிசிலிக் அமிலத்தைத் தினமும் சாப்பிட்டால் வயிறு தாங்காது. எரிச்சல், குமட்டல், வாந்தி.

1897ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதன் வேதியியல் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி, அசெட்டைல் சாலிசிலிக் அமிலத்தைச் சுத்தமாகத் தயாரித்தார். 1899ல் அது ஆஸ்பிரின் என்ற பெயரில் வந்தது. மூட்டு வலியால் கஷ்டப்பட்ட தன் அப்பாவுக்காக ஹாஃப்மன் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க.

அதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அதே ஆய்வகத்தில் ஹாஃப்மனுக்கு மேலே இருந்தவர் ஆர்தர் ஐஷென்க்ரூன், யூதர். அப்பா கதை அச்சில் வந்தது 1934ல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அடுத்த வருஷம். ஐஷென்க்ரூன் பிறகு தெரேசியன்ஷ்டாட் முகாமில் அடைக்கப்பட்டார். உயிரோடு மீண்டு, 1949ல், தன் வழிகாட்டுதலில்தான் அந்த வேலை நடந்தது என்று கட்டுரை எழுதினார். அதே ஆண்டு இறந்தும் போனார். அரை நூற்றாண்டு கழித்து வால்டர் ஸ்னீடர் என்ற ஆய்வாளர் ஆவணங்களைப் பார்த்து ஐஷென்க்ரூன் பக்கம் நியாயம் இருப்பதாக எழுதினார். பேயர் அதை ஏற்கவில்லை. என் மனசு ஐஷென்க்ரூன் பக்கம்தான்.

சரி, ஆஸ்பிரின் வந்ததும் வயிற்றுப் பிரச்சினை தீர்ந்ததா? தீர்ந்துவிட்டது என்றுதான் சுமார் 40 வருஷம் நம்பினார்கள். 1938ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் டௌத்வெய்ட், லின்டாட் என்ற இரண்டு டாக்டர்கள், அப்போது புதிதாக வந்திருந்த கேஸ்ட்ரோஸ்கோப் குழாயை வயிற்றுக்குள் விட்டு, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் இரைப்பைச் சுவரை நேரில் பார்த்தார்கள். சிவந்து, வீங்கி, சில இடங்களில் ரத்தம் கசிந்துகொண்டு இருந்தது.

ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. மாத்திரை நேரடியாக உரசிப் புண்ணாக்குகிறது என்று நினைத்தார்கள். இன்றைக்கும் நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். "மாத்திரை வேணாம் டாக்டர், ஊசியா போட்டுருங்க, வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று கேட்பது அதனால்தான்.

இதற்கு விடை கிடைத்தது 1971ல். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க, மீதி எல்லாமே இதில் இருந்துதான் வருகிறது.

லண்டனில் ஜான் வேன் என்ற விஞ்ஞானி. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு வகைப் பொருட்கள் உண்டு. அடிபட்ட இடத்தில், கிருமி புகுந்த இடத்தில் இவை சுரக்கும்; ரத்தக்குழாய் விரியும், வீங்கும், வலி நரம்பு கூர்மையாகும். கினிப் பன்றியின் நுரையீரல் திசுவை வைத்து வேன் காட்டியது இதுதான்: ஆஸ்பிரினும் இண்டோமெத்தசினும் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் தயாராவதையே தடுக்கின்றன. தயாரிக்கும் நொதிக்கு சைக்ளோஆக்சிஜனேஸ் என்று பெயர், சுருக்கமாக காக்ஸ். 1982ல் இதற்காக வேனுக்கும், புரோஸ்டாகிளாண்டின் ஆய்வில் முன்னோடிகளான சுவீடனின் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் சிக்கல் எங்கே என்றால், புரோஸ்டாகிளாண்டின் வலிக்கு மட்டும் சுரப்பது கிடையாது.

இரைப்பையில் அமிலம் தன் சுவரையே அரிக்காமல் இருக்க ஒரு சளிப் படலம் இருக்கிறது. அதைக் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். ரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொண்டு உறைவதற்கும் அந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்று வேண்டும். சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும்போது உள்ளே போகும் குழாயை விரித்துப் பிடித்துக் காப்பாற்றுவதும் அதுவே. மூட்டு வலிக்காக நீங்கள் போடும் மாத்திரைக்கு "இது முட்டி, இது வயிறு, இது கிட்னி" என்று தெரியாது. ரத்தத்தில் கலந்து எல்லா இடத்திலும் காக்ஸை அடைக்கும்.

அதனால்தான் ஊசியாகப் போட்டாலும் இரைப்பையில் புண் வரலாம். ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்திலும் வரலாம். சாப்பிட்ட பிறகு போட்டால் எரிச்சல் குறையலாமே தவிர, அடிப்படை ஆபத்து போகாது. பான்டோபிரசோல் மாதிரியான கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டால் இரைப்பைக்கு நல்ல பாதுகாப்பு கிடைக்கும், உண்மை. ஆனால் அது கிட்னியையும் இதயத்தையும் காப்பாற்றாது. "கேஸ் மாத்திரை போட்டுட்டேனே டாக்டர்" என்று தைரியமாக மாசக்கணக்கில் டைக்ளோஃபினாக் சாப்பிடுபவர்களுக்காக இதை அழுத்திச் சொல்றேன்.

கிட்னியைப் பற்றித் தனியாகக் கொஞ்சம். ஆரோக்கியமான ஆள், நன்றாகத் தண்ணீர் குடிப்பவர், இரண்டு மூன்று நாள் இந்த மாத்திரை சாப்பிட்டால் கிட்னிக்குப் பெரும்பாலும் எதுவும் ஆகாது. ஏனென்றால் அந்த நேரத்தில் கிட்னி புரோஸ்டாகிளாண்டினை நம்பி இல்லை. வாந்தி பேதியில் உடம்பு வறண்டிருக்கும்போது, வெயிலில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வரும்போது, இதயம் பலவீனமாக இருக்கும்போது, வயது 65 தாண்டும்போதுதான் கிட்னி அதை நம்பி ஓடுகிறது. அப்போது போய் அடைத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே கிரியாட்டினின் ஏறலாம்.

மூன்று மாத்திரை சேரும் ஆபத்து ஒன்று உண்டு. பிரஷருக்கு டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் வகை ஒன்று. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை ஒன்று. இவற்றோடு வலி மாத்திரை. முதலாவது கிட்னியின் வடிகட்டியில் இருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, இரண்டாவது உடம்பின் நீரைக் குறைக்கிறது, மூன்றாவது உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. வடிகட்ட அழுத்தமே இருக்காது. இந்த முதல் இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். உங்கள் பிரஷர் மாத்திரைப் பெயரின் கடைசியில் எச் என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் நீர் மாத்திரையும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அட்டையை எடுத்துப் பாருங்க.

கிட்னி என்றதும் பிணந்தின்னிக் கழுகுகளைச் சொல்லாமல் போக முடியாது. 1990களில் இந்தியத் துணைக்கண்டத்தில் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில இனங்களில் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டன. வைரஸா, பூச்சிமருந்தா என்று தேடினார்கள். 2004ல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் காரணம் தெரிந்தது: டைக்ளோஃபினாக். வலிக்காக மாட்டுக்குப் போட்ட ஊசி. அந்த மாடு செத்ததும் அதைத் தின்ற கழுகுகளின் கிட்னி செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்திருந்தது. 2006ல் இந்தியா கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய பாட்டில்களை மாட்டுக்குப் பயன்படுத்தியதால், 2015ல் ஊசி மருந்து 3 மில்லி அளவில் மட்டுமே வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவைச் சரி என்றது. நீலகிரி மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சம் இருக்கும் கழுகுகளுக்கு அந்தத் தீர்ப்பு முக்கியமானது. கழுகின் உடம்பும் நம் உடம்பும் ஒன்றில்லைதான். அவ்வளவு சிறிய அளவு நம்மைக் கொல்லாது. ஆனாலும் "சாதாரண வலி மருந்துதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கழுகுகள்தான் ஞாபகம் வரும்.

நடுவில் ஐபுப்ரோஃபென். நாட்டிங்காமில் பூட்ஸ் கம்பெனியின் ஸ்டூவர்ட் ஆடம்ஸ், ஆஸ்பிரினை விட வயிற்றுக்கு இதமான ஒன்றைத் தேடி நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்களைச் சோதித்து இதை எடுத்தார். 1969ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. மாஸ்கோவில் ஒரு மாநாட்டில் பேசப்போகும் காலை, முந்தைய இரவு வோட்காவின் தலைவலிக்கு 600 மில்லிகிராம் போட்டுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். குறைந்த அளவில் இதமான மருந்துதான். அளவு ஏற ஏற இதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இப்போது வையாக்ஸ். இதுதான் இந்த த்ரெட்டின் முக்கியமான பகுதி.

1990களின் தொடக்கத்தில், காக்ஸ் நொதி ஒன்று இல்லை, இரண்டு என்று தெரிந்தது. காக்ஸ்-1 எப்போதும் வேலை செய்வது, இரைப்பையைக் காப்பது. காக்ஸ்-2 அழற்சியின்போது அதிகமாவது. கேட்டவுடன் என்ன தோன்றும்? இரண்டாவதை மட்டும் அடைத்தால் வலி போகும், வயிறு தப்பிக்கும்! அருமையான யோசனை. செலிகாக்சிப் 1998 கடைசியிலும், மெர்க் கம்பெனியின் ரோஃபிகாக்சிப் 1999லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ரோஃபிகாக்சிபின் வணிகப் பெயர்தான் வையாக்ஸ்.

2000ல் விகர் என்ற ஆய்வின் முடிவு வந்தது. ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் நோயாளிகள் 8,076 பேர். பாதிப்பேருக்கு வையாக்ஸ், பாதிப்பேருக்கு நாப்ராக்சன். வயிற்றுப் புண், ரத்தக்கசிவு பாதியாகக் குறைந்தது. கணிப்பு பலித்தது. ஆனால் அதே தாளில் இன்னொரு எண்: மாரடைப்பு நாப்ராக்சன் குழுவில் 0.1 சதவீதம், வையாக்ஸ் குழுவில் 0.4 சதவீதம்.

இதற்கு இரண்டு விளக்கம் சாத்தியம். வையாக்ஸ் மாரடைப்பைக் கூட்டுகிறது. அல்லது நாப்ராக்சன் மாரடைப்பைத் தடுக்கிறது. மெர்க் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. மருந்தே கொடுக்காத மூன்றாவது குழு ஆய்வில் இல்லாததால் எது சரி என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் சந்தேகப்பட உறுதியான காரணம் ஏற்கெனவே இருந்தது. ரத்தக்குழாயின் உட்சுவர் சுரக்கும் புரோஸ்டாசைக்ளின் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். ரத்தத்தட்டு சுரக்கும் திராம்பாக்சேன் உறையச் செய்யும். இரண்டும் தராசு மாதிரி. காக்ஸ்-2ஐ மட்டும் அடைக்கும் மருந்துகள் முதலாவதைக் குறைத்து இரண்டாவதை அப்படியே விடுகின்றன என்று 1999லேயே கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டு குழு காட்டியிருந்தது.

அப்புறமும் நான்கு வருஷம் வையாக்ஸ் விற்றது. 80க்கும் மேற்பட்ட நாடுகள். 2003ல் மட்டும் சுமார் 250 கோடி டாலர் விற்பனை.

முடிவு வந்தது வேறு வழியில். குடலில் வளரும் பாலிப் கட்டிகளை வையாக்ஸ் தடுக்குமா என்று பார்க்க 2,586 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இதில் ஒரு குழுவுக்கு வெறும் மாவு மாத்திரை. நாப்ராக்சன் என்ற சாக்கு இங்கே கிடையாது. 18 மாதங்களுக்குப் பிறகு மாரடைப்பும் பக்கவாதமும் வையாக்ஸ் குழுவில் பிரிந்து மேலே போயின. மொத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் உலகம் முழுக்க மருந்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் இந்தியாவும் தடை செய்தது.

அந்த நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் டேவிட் கிரஹாம், செனட் குழு முன் சாட்சி சொன்னார். அமெரிக்காவில் மட்டும் 88,000 முதல் 1,39,000 பேர் வரை இந்த மருந்தால் கூடுதலாகக் கடுமையான இதய பாதிப்பு அடைந்திருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. தான் வேலை பார்க்கும் அமைப்பையே குற்றம் சாட்டி அவர் அதைச் சொன்னார். 2005ல், விகர் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே, வையாக்ஸ் குழுவில் நடந்த மூன்று மாரடைப்புகள் கட்டுரையில் சேர்க்கப்படவில்லை என்று கவலை தெரிவித்து எழுதியது. 2007ல் மெர்க் வழக்குகளை முடிக்க 485 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

மூட்டு வலி உயிரைக் கொல்லும் நோய் இல்லை. வலி குறைய மாத்திரை போட்டவர்கள் மாரடைப்பில் போனார்கள். மருத்துவனாக எனக்கு இதுதான் உறுத்துவது.

வையாக்ஸோடு ஆபத்து போய்விட்டதா? இல்லை. 2013ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நம் ஊரில் கடலை மிட்டாய் போல விற்கும் டைக்ளோஃபினாக், முழு அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால், காக்ஸ்-2 மருந்துகளுக்குச் சமமான இதய ஆபத்து தருகிறது என்று தெரிந்தது. அதிக அளவு ஐபுப்ரோஃபெனும் அப்படியே. ஆயிரம் பேர் ஒரு வருஷம் சாப்பிட்டால் சுமார் 3 பேருக்குக் கூடுதலாகப் பெரிய பாதிப்பு. அதில் ஒருவர் இறப்பார். நாப்ராக்சன் இதயத்துக்குக் கொஞ்சம் பரவாயில்லை, வயிற்றுக்கு மோசம். அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து அமைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதய பலவீனம் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபினாக் கொடுக்கவே கூடாது என்றது. எல்லோருக்கும் பொருந்தும் நல்ல வலி மாத்திரை என்று ஒன்று கிடையாது. யாருக்கு எந்த உறுப்பு பலவீனம் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

"அப்போ வலியோட சாகணுமா டாக்டர்?" என்று கேட்பீங்க. வேண்டாம். இவை நல்ல மருந்துகள். கவுட்டில் கட்டை விரல் வீங்கித் துணி பட்டாலே அலறும் ஆளுக்கு, முதுகெலும்பு இறுகும் அங்கிலோசிங் நோயாளிக்கு, மாதவிடாய் வலிக்கு இவை வரப்பிரசாதம். கேட்க வேண்டியது எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்பதுதான்.

சுளுக்கு, இடுப்புப் பிடிப்புக்கு வலி குறையும் மிகக் குறைந்த அளவு, மூன்று முதல் ஐந்து நாள். அதற்கு மேல் வலி இருந்தால் மாத்திரையை நீட்டாமல் வலிக்குக் காரணம் என்ன என்று பார்க்கணும். முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவிப் பாருங்க. மாத்திரையில் ரத்தத்தில் சேர்வதில் பத்தில் ஒரு பங்குகூட ஜெல்லில் சேராது. ஒரே நேரத்தில் இந்தக் குடும்பத்தின் இரண்டு மாத்திரை வேண்டாம். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கலாம். அசிக்ளோஃபினாக் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். தனியாக டோலோ வேறு போட்டால் அளவு எகிறி ஈரல் பாதிக்கும்.

காய்ச்சல் வந்தால், அதுவும் மழைக்காலத்தில், டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும்தான். டெங்குவில் ரத்தத்தட்டு ஏற்கெனவே குறையும். இந்த மாத்திரைகள் மிச்சம் இருப்பதையும் வேலை செய்ய விடாது. குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ரேய் நோய் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒன்று 1963ல் விவரிக்கப்பட்டது. ஆஸ்பிரினோடு தொடர்பு தெரிந்து எச்சரித்த பிறகு அமெரிக்காவில் 1980ல் 555 என்று இருந்தது, 1994க்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டாக இறங்கியது. கர்ப்பிணிகள் 20 வாரத்துக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் இந்தக் குடும்பத்தின் எந்த மாத்திரையும் எடுக்க வேண்டாம். சிசுவின் கிட்னி பாதித்து பனிக்குட நீர் குறையலாம்.

மலம் தார் மாதிரி கருப்பாகப் போனால், சிறுநீர் குறைந்தால், கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதியவர்களில் பலருக்கு வயிற்று வலியே இல்லாமல் நேராக ரத்தக்கசிவு வரும். வலிக்கலையே என்று காத்திருக்காதீங்க.

கடைசியாக ஒன்று, இதைப் படித்துவிட்டு யாராவது தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் வேறு விஷயம். அது ரத்தம் உறையாமல் இருக்க, வலிக்கு இல்லை. அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். அதைச் சாப்பிடுபவர் ஐபுப்ரோஃபென் போட்டால், அது போய் முதலில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்பிரினை வேலை செய்ய விடாது. அப்படிப்பட்டவர்களுக்கு வலி வந்தால் முதலில் பாராசிட்டமால். அது போதவில்லை என்றால் உங்கள் இதய மருத்துவரிடம், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்க. வாயால் சொல்ல வேண்டாம், அட்டையைக் காட்டுங்க.

கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்க. மாத்திரைப் பெயரோடு வயது, பிரஷர், சுகர், கிட்னி விவரமும் சேர்த்துக் கேளுங்க. அது இல்லாமல் பதில் சொல்ல முடியாது.